2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல்: தொகுதிவாரி முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஏப்ரல் 6ஆம் தேதி ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. மே 2ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். இடைப்பட்ட 25 நாட்களும் இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில், கட்சிக்காரர்கள் அதன் வாசலில். கும்மிடிப்பூண்டி (1) முதல் கிள்ளியூர் (234) வரையிலான முடிவுப் பட்டியலைத் திறந்தால் வரும் சந்தேகங்களில், திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. மாநில மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள்தான் பெரும்பாலும் குழம்புகிறார்கள். அதனால் முடிந்தவரை தொகுதிக்குள் போய்ப் பார்ப்போம்.

மொத்தத்தில் யாருக்கு எத்தனை இடம்?

திமுக கூட்டணிக்கு 159, அதிமுக கூட்டணிக்கு 75. மற்ற யாருக்கும் ஒன்றும் இல்லை, சுயேச்சை உட்பட.

பிரித்துப் பார்த்தால் உதயசூரியன் சின்னத்தில் 133, காங்கிரஸ் 18, விடுதலைச் சிறுத்தைகள் 4, இந்தியக் கம்யூனிஸ்ட் 2, மார்க்சிஸ்ட் 2. எதிரணியில் இரட்டை இலை 66, பாமக 5, பாஜக 4. ஆட்சி அமைக்க 118 வேண்டும். உதயசூரியனில் ஜெயித்தவர்களே அதைத் தாண்டிவிட்டார்கள்.

திமுகவுக்கு 133 என்று ஓரிடத்தில் இருக்கிறது, 125 என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரி. 133 என்பது சின்னத்தின் கணக்கு, 125 என்பது கட்சியின் கணக்கு. தனிச் சின்னத்தில் நின்று அதை மக்களிடம் கொண்டுசேர்க்க நேரம் போதாது என்று சில தோழமைக் கட்சிகள் உதயசூரியனிலேயே நின்றன. அப்படி ஜெயித்தவர்கள் எட்டுப் பேர்: மதிமுக நான்கு (சாத்தூர், வாசுதேவநல்லூர், அரியலூர், மதுரை தெற்கு), மனிதநேய மக்கள் கட்சி இரண்டு (பாபநாசம், மணப்பாறை), கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஒன்று (திருச்செங்கோடு), தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஒன்று (பண்ருட்டி). தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் இவர்கள் எல்லோரும் திமுக வேட்பாளர்கள்தான்.

அந்தப் பக்கமும் இது உண்டு. ஈரோடு கிழக்கில் இரட்டை இலையில் நின்றவர் தமிழ் மாநில காங்கிரஸ்காரர். பட்டியலில் அதிமுக என்றே இருக்கும்.

6.58 சதவீதம் வாங்கிய நாம் தமிழருக்கு ஒரு இடம்கூட இல்லை. ஒரு சதவீதம்கூட இல்லாத கட்சிக்கு 4 இடம். இது என்ன கணக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இது தில்லுமுல்லு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

நாம் தமிழர் 234 தொகுதிகளிலும் நின்றது. 117 ஆண்கள், 117 பெண்கள். ஏறக்குறைய 30 லட்சம் ஓட்டு. அதை 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு 12, 13 ஆயிரம் வரும். அந்த ஓட்டில் எங்கும் ஜெயிக்க முடியாது, பெரும்பாலான இடங்களில் டெபாசிட்கூடத் தேறாது. திருவொற்றியூரில் நின்ற சீமானுக்குக் கிடைத்தது 48 ஆயிரத்துக்கும் மேல். சராசரியைப் போல நான்கு மடங்கு அது, அப்படியும் மூன்றாம் இடம்தான்.

விடுதலைச் சிறுத்தைகள் நின்றது ஆறே இடம். கூட்டணி ஓட்டும் சேர்ந்துகொண்டதால், அந்த ஆறிலும் சராசரி 75 ஆயிரத்தைத் தாண்டியது. ஆறில் நான்கு ஜெயித்தார்கள். மாநிலம் முழுவதற்கும் சதவீதம் போட்டால் 0.99 என்று சின்னதாகத் தெரியும், ஏனென்றால் மற்ற 228 தொகுதிகளில் அவர்கள் ஓட்டே கேட்கவில்லை.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் பாஜகவையும் மக்கள் நீதி மய்யத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே மாநில அளவில் 2.6 சதவீதத்தை ஒட்டித்தான் வாங்கின. 20 தொகுதியில் நின்ற பாஜகவுக்கு 4 இடம். மாநிலம் முழுக்கப் பரவி நின்ற மய்யத்துக்கு பூஜ்யம்.

பெரிய கட்சிகளுக்கும் இதே கணக்குதான். திமுக கூட்டணி 45 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அதிமுக கூட்டணி 40க்கு அருகில். இடைவெளி ஆறு புள்ளிகூட இல்லை. இடங்களிலோ ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பக்கத்துத் தொகுதியில் மிஞ்சிய ஓட்டை இந்தத் தொகுதிக்குக் கொண்டுவர முடியாது, அவ்வளவுதான்.

மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்த தொகுதி எது?

தியாகராய நகர். 137 ஓட்டு. திமுகவின் ஜெ. கருணாநிதி 56,035, அதிமுகவின் சத்தியநாராயணன் 55,898. (பெயரைப் பார்த்துவிட்டு முன்னாள் முதல்வரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் 2018இலேயே காலமாகிவிட்டார்.) நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு மட்டுமே இந்த 137ஐ விடப் பல மடங்கு. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு மொத்தமாக அன்று வீட்டிலேயே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். சென்னையில் அப்படி இருந்த குடியிருப்புகள் குறைவில்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது மொடக்குறிச்சி. பாஜகவின் சி. சரஸ்வதி 281 ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் முன்னாள் மத்திய இணையமைச்சர் சுப்புலட்சுமி ஜெகதீசன். தென்காசியில் காங்கிரஸின் பழனி நாடார் 370, மேட்டூரில் பாமகவின் சதாசிவம் 656. காட்பாடியில் திமுக பொதுச்செயலாளர் துரைமுருகன் பல சுற்றுகளில் பின்தங்கியிருந்து கடைசியில் 746இல் கரையேறினார். கிருஷ்ணகிரி அதிமுகவுக்கு 794இல் போனது. விருத்தாசலம் 862, நெய்வேலி 977, இரண்டும் திமுக கூட்டணிக்கு. விருத்தாசலத்தில் நின்ற தேமுதிகவின் பிரேமலதா விஜயகாந்துக்கு மூன்றாம் இடம்.

இந்த எட்டில் ஐந்து திமுக கூட்டணிக்கு, மூன்று அதிமுக கூட்டணிக்கு. “மயிரிழையில் ஜெயித்த ஆட்சி” என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டலாம். எட்டையும் திருப்பிப் போட்டாலும் ஆட்சி மாறியிருக்காது.

கோவை தெற்கில் கமல்ஹாசன் எப்படித் தோற்றார்?

பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209. மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் 1,728.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜெயித்தவர் வாங்கியது பதிவானதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. மூவரில் யாரும் டெபாசிட் இழக்கவில்லை. மும்முனைப் போட்டி என்று எல்லாத் தொகுதியிலும் சொல்வார்கள், உண்மையிலேயே மூன்று முனையும் கூராக இருந்தது இங்கேதான். அன்று காலை முதல் கமல் முன்னிலையில் இருந்தார், பிற்பகலில் இடைவெளி சுருங்கியது, கடைசிச் சுற்றுகளில் நிலை மாறியது. “காங்கிரஸ் ஓட்டைப் பிரிக்காமல் இருந்திருந்தால்” என்று ஒரு தரப்பும், “மய்யம் பிரிக்காமல் இருந்திருந்தால்” என்று மறுதரப்பும் இன்றுவரை சொல்கிறார்கள். ஒருவர் விலகினால் அவருடைய ஓட்டு மொத்தமும் அப்படியே மற்றவருக்குப் போய்விடும் என்று நினைப்பதுதான் இந்த வாதத்தின் ஓட்டை. போகாது.

கோவில்பட்டியிலும் இதன் சாயல் உண்டு. அதிமுகவின் கடம்பூர் ராஜு, அமமுகவின் டி.டி.வி. தினகரனை 12,403 ஓட்டில் வென்றார். திமுக அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் மூன்றாவது.

மிகப் பெரிய வெற்றி?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் (சேலம் மாவட்டத்தில் இன்னொரு ஆத்தூர் உண்டு, கவனம்). திமுகவின் ஐ. பெரியசாமி 1,65,809, பாமகவின் திலகபாமா 30,238. வித்தியாசம் 1,35,571. இரண்டாம் இடம் வந்தவருக்கே டெபாசிட் காலி.

முதல்வர் வேட்பாளர்களில் எடப்பாடி பழனிசாமி தன் எடப்பாடியில் 93,802 ஓட்டில் ஜெயித்தார். ஸ்டாலின் கொளத்தூரில் 70,384. தோற்ற அணியின் தலைவருக்கு ஜெயித்த அணியின் தலைவரைவிடப் பெரிய வித்தியாசம்.

டெபாசிட் என்பது எவ்வளவு? எப்போது போகும்?

சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. பொதுத் தொகுதியில் நின்றாலும் அவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் பணம் திரும்ப வரும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது. நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து இருக்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

எந்த மாவட்டம் யார் பக்கம்?

சென்னையின் 16 தொகுதிகளும் திமுக கூட்டணிக்கு, அதில் வேளச்சேரி காங்கிரஸ். திருச்சி மாவட்டத்தின் 9ம் அப்படியே. இதற்கு நேர் எதிராக, கோவை மாவட்டத்தின் 10ம் அதிமுக கூட்டணிக்கு. தருமபுரியின் 5ம் அவர்களுக்கே. சேலத்தில் 11க்கு 10. சேலம் வடக்கு மட்டும் திமுகவுக்கு மிஞ்சியது.

வரைபடத்தில் நிறம் தீட்டினால் மேற்கே ஒரு திட்டு தனியாகத் தெரியும். எடப்பாடி முதல்வராக இருந்த நான்காண்டுகளில் தன் பகுதிக்குச் செய்தது, கொங்கு வேளாளர் ஆதரவு, வடமேற்கில் பாமகவோடு வைத்த கூட்டணி என்று காரணங்கள் சொல்வார்கள். எனக்குக் கடைசிக் காரணம்தான் கூடுதல் எடையுள்ளதாகத் தோன்றுகிறது. பென்னாகரம், தருமபுரி, மேட்டூர், சேலம் மேற்கு, மயிலம் ஆகிய பாமகவின் ஐந்து வெற்றிகளில் நான்கு அந்தத் திட்டுக்குள் அடக்கம்.

பாஜகவின் நான்கு: கோவை தெற்கு, மொடக்குறிச்சி, திருநெல்வேலி, நாகர்கோவில். 2001க்குப் பிறகு அந்தக் கட்சி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குள் போனது அப்போதுதான். அதன் மாநிலத் தலைவராக இருந்த எல். முருகன் தாராபுரத்தில் 1,393 ஓட்டில் தோற்றார்.

காலையில் எங்கள் வேட்பாளர் முன்னிலை, சாயங்காலம் தோல்வி. நடுவில் என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை, எண்ணும் வரிசைதான் காரணம். வழக்கமாக ஒரு கூடத்தில் 14 மேசை போடுவார்கள். ஒரு சுற்று என்றால் 14 வாக்குச்சாவடிகளின் இயந்திரங்கள். வாக்குச்சாவடி எண் வரிசைப்படியே மேசைக்கு வரும். அந்த எண்கள் தொகுதியின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் போகின்றன. முதல் ஐந்து சுற்று ஒருவருக்குச் செல்வாக்குள்ள ஒன்றியமாக இருக்கும், அப்புறம் நகராட்சி வார்டுகள் வரும்போது கதை மாறும். எந்தச் சுற்றில் எந்த ஊர் வரும் என்று தெரிந்த உள்ளூர் ஏஜெண்ட், டிவி சொல்லும் முன்னிலையை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார். சுற்று எண்ணைத்தான் கேட்பார்.

2021இல் எண்ணிக்கை இரவு வரை இழுத்ததற்கு கொரோனாவும் காரணம். ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின. 80 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் ஓட்டு தந்ததால் அந்த உறைகளும் பெருகின. கூடத்துக்குள் நுழைய ஏஜெண்டுகள் தொற்று இல்லை என்ற சான்றோ இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டியிருந்தது.

என் வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று பார்க்க முடியுமா?

முடியும். படிவம் 20 என்று பெயர். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். இடது ஓரத்தில் சாவடி எண், மேலே வேட்பாளர்கள், கட்டம் கட்டமாக ஓட்டு. உங்கள் சாவடி எண் வாக்காளர் சீட்டில் இருக்கும்.

கூட்டிப் பார்த்தால் இறுதி முடிவோடு இடிக்கிறதே என்று பலர் பதறுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் தபால் ஓட்டு தனி வரியாக இருக்கும். அது சாவடிவாரியாகப் பிரிக்கப்படாது. அதையும் சேர்த்தால் சரியாக வரும்.

வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருந்தால் தானாகவே மறுபடி எண்ண மாட்டார்களா?

மாட்டார்கள். வேட்பாளரோ ஏஜெண்டோ எழுதிக் கேட்க வேண்டும், தேர்தல் நடத்தும் அலுவலர் காரணத்தைப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு விதிவிலக்கு: செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அந்த ஒதுக்கிய ஓட்டுகளைக் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். சரிசமமாக முடிந்தால் சீட்டுக் குலுக்கல்.

முடிவு அறிவித்த பிறகு என்றால் உயர் நீதிமன்றத்தில் 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்குப் போட வேண்டும். அது எப்படி இழுக்கும் என்பதற்கு ராதாபுரம் போதும். 2016இல் அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541. வெறும் 49 ஓட்டு. தபால் ஓட்டுகளை ஒதுக்கியது தவறு என்று அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கடைசி மூன்று சுற்றுகளையும் தபால் ஓட்டுகளையும் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த உறை மூடியபடி இருக்க, சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. 2021இல் அதே தொகுதியில் அப்பாவு ஜெயித்து சபாநாயகர் ஆனார்.

2016 காட்டுமன்னார்கோவிலிலும் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். 2021இல் அது சிறுத்தைகளுக்கே வந்தது.

இறந்துபோனவருக்கு ஓட்டு எண்ணினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவ ராவ் வாக்குப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 11 அன்று, கொரோனாவில் இறந்தார். பதிவுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் தேர்தலைத் தள்ளிவைப்பார்கள். பதிவுக்குப் பின் என்றால் எண்ணிக்கை வழக்கம்போல நடக்கும். அவர் பெயருக்கு 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இருந்தன. ஜெயித்திருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். அதிமுகவின் மான்ராஜ் ஜெயித்தார்.

வேளச்சேரியில் ஒரு சாவடியில் மட்டும் ஏன் மறுவாக்குப்பதிவு?

இயந்திரங்களை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனதைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்தார்கள். 92ஆம் எண் சாவடிக்கு மட்டும் ஏப்ரல் 17இல் மறுபடி ஓட்டுப் போட்டார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு முடிவு வருகிறதே?

எம்பி வசந்தகுமார் 2020இல் இறந்ததால் மக்களவை இடைத்தேர்தலும் அதே நாளில் நடந்தது. அங்கே உள்ள ஆறு தொகுதி மக்கள் ஆளுக்கு இரண்டு ஓட்டுப் போட்டார்கள். மக்களவைக்கு அவர் மகன் விஜய் வசந்த் ஜெயித்தார், நாகர்கோவில் சட்டமன்றத்துக்கு பாஜகவின் எம்.ஆர். காந்தி. தேடும்போது தேர்தலின் பெயரைப் பார்த்துத் திறக்கவும்.

எங்கள் பழைய தொகுதியே பட்டியலில் இல்லை.

2008இல் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள், 2011 முதல் புது எல்லைதான். புரசைவாக்கம், பூங்காநகர், சாத்தான்குளம், சேரன்மகாதேவி எல்லாம் போய்விட்டன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாகின. அதனால் 2006ஐயும் 2021ஐயும் ஒப்பிடாதீர்கள். பெயர் அதே என்றாலும் ஊர்கள் வேறாக இருக்கலாம்.

2011க்குப் பிறகு தாராளமாக ஒப்பிடலாம். அப்போது புதிதாக வந்த கொளத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலினின் வித்தியாசம் 2011இல் 2,734, 2016இல் 37,730, 2021இல் 70,384.

எல்லை வரைந்தது 2001 மக்கள்தொகையை வைத்து. 2021இல் சோழிங்கநல்லூரில் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர், துறைமுகத்தில் 1.76 லட்சம். இருவருக்கும் ஆளுக்கொரு எம்எல்ஏதான்.

எங்கே அதிகம் ஓட்டுப் போட்டார்கள்?

மாநில அளவில் சுமார் 73 சதவீதம். பாலக்கோட்டில் 87ஐத் தாண்டியது, சென்னை வில்லிவாக்கத்தில் 55தான்.

பெண்கள் எத்தனை பேர்?

234இல் 12.

2021 பட்டியலில் எங்கள் எம்எல்ஏ பெயர் வேறாக இருக்கிறதே, தவறா?

தவறில்லை, நடுவில் இடைத்தேர்தல் நடந்திருக்கும். விளவங்கோட்டில் காங்கிரஸின் விஜயதரணி பாஜகவுக்குப் போய்ப் பதவி விலகினார், 2024 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து காங்கிரஸின் தாரகை கத்பர்ட் வந்தார். விக்கிரவாண்டியில் திமுகவின் புகழேந்தி இறந்ததால் 2024 ஜூலையில் அன்னியூர் சிவா.

ஈரோடு கிழக்கில் இரண்டு முறை நடந்தது. 2021இல் காங்கிரஸின் திருமகன் ஈவெரா 8,904 ஓட்டில் ஜெயித்தார். 2023 ஜனவரியில் அவர் இறந்தார். பிப்ரவரியில் அவருடைய அப்பா ஈ.வெ.கி.ச. இளங்கோவன் நின்று 66,233இல் ஜெயித்தார். 2024 டிசம்பரில் அவரும் இறந்தார். 2025 பிப்ரவரியில் திமுகவின் சந்திரகுமார், அதிமுகவும் பாஜகவும் ஒதுங்கிக்கொண்ட களத்தில், 91,558 வித்தியாசத்தில் வந்தார். நான்கு ஆண்டு முடியும் முன்பே அந்த ஊர் வாக்காளர் சட்டமன்றத்துக்காக மட்டுமே விரலில் மூன்றாவது முறையாக மை வைத்துக்கொண்டார்.